முதலில் ஸ்வெட்டரைக் கழற்றுங்கள்

நீலகிரி மலையில், கோத்தகிரிப் பக்கத்தில் கிராம சுகாதார செவிலியராக 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஹட்டி என்கிற படகர் ஊர்களில் எனக்கு 'நர்சம்மா' என்று பெயர். தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், அதாவது லைன்களில், 'ஊசிக்கார அக்கா'. பேரன் பேத்தி எடுத்த பிறகும் அந்த அக்கா போகவில்லை. இன்றைக்கும் ராத்திரி ஒன்பது மணிக்குக் கதவைத் தட்டி, "அக்கா, புள்ளைக்கு உடம்பு கொதிக்குது, ஒரு எட்டு பாருங்க" என்று துணிமூட்டை மாதிரி ஒன்றை மடியில் வைப்பார்கள். மூட்டைக்குள் எங்கேயோ பிள்ளை இருக்கும். குரங்குக் குல்லாய், அதன்மேல் மப்ளர், இரண்டு ஸ்வெட்டர், காலுறை, எல்லாவற்றுக்கும் மேலே கம்பளி. வெளியே தெரிவது மூக்கும் கண்ணும்தான்.

வேலையில் சேர்ந்த புதிதில் அப்படி ஒரு மூட்டையை நான் அவிழ்க்கவில்லை. லைன் வீட்டில் சாயங்காலம், மங்கலான பல்பு, ஒன்றரை வயதுப் பையன். நெற்றியைத் தொட்டேன், சளிக்காய்ச்சல் என்றேன், சிரப் கொடுத்துவிட்டு வந்தேன். பிள்ளைக்குக் குளிருமே என்று ஸ்வெட்டரைத் தூக்கவில்லை. விடிவதற்குள் அவனுக்கு மூச்சு முட்டி, பால் வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நிமோனியா. பிழைத்துக்கொண்டான், இப்போது அவனே இரண்டு பிள்ளைக்கு அப்பா. ஆனால் அன்றைக்கு அந்த ஸ்வெட்டரை ஒரு சாண் தூக்கியிருந்தால் விலா குழி விழுந்தது எனக்குத் தெரிந்திருக்கும். அதிலிருந்து யார் பிள்ளையைக் கொண்டுவந்தாலும் நான் சொல்கிற முதல் வார்த்தை, 'கழற்றுங்க'.

ஜன்னலைச் சாத்துங்கள், அடுப்படியில் கொஞ்சம் சூடு ஏற்றிக்கொள்ளுங்கள், பிள்ளையை மடியில் வைத்து உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒருமுறை பாருங்கள். பகலாக இருந்தால் வாசல் வெளிச்சத்துக்கு வாருங்கள். மஞ்சள் பல்பில் மஞ்சள்காமாலை தெரியாது, சிவப்புத் தடிப்பும் தெரியாது. ஐந்து நிமிடக் குளிரால் எந்தப் பிள்ளைக்கும் சளி பிடித்துவிடாது. சளி பிடிப்பது கிருமியால்.

காய்ச்சல்தானா என்று பார்ப்பது

மழையில் கொழுந்து பறித்துவிட்டு வருகிற கை ஐஸ் மாதிரி இருக்கும். அந்தக் கையால் யார் நெற்றியைத் தொட்டாலும் சுடத்தான் செய்யும். அதே மாதிரி கம்பளிக்குள் சுற்றிக் கிடந்த பிள்ளையின் உடம்பு காய்ச்சல் இல்லாமலே சுடும். ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். கம்பளியைத் தளர்த்தி கால் மணி நேரம் விட்டு, அக்குளில் வைத்துப் பாருங்கள். 99.5 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காட்டினால் காய்ச்சல். என்றைக்கு, எந்த வேளையில் ஆரம்பித்தது என்று அன்றன்றைய தேதித்தாளைக் கிழித்து அதிலேயே எழுதி வையுங்கள். 'நாலைந்து நாளா இருக்கும்' என்பதை வைத்துக்கொண்டு டாக்டர் ஒன்றும் செய்ய முடியாது. சில நோய்களில் மூன்றாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் நடுவில்தான் விஷயமே இருக்கிறது.

இரண்டு மாதம் நிரம்பாத பச்சைக் குழந்தை என்றால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். காய்ச்சல் என்றாலும் உடனே ஆஸ்பத்திரி, உடம்பு சில்லிட்டிருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. எங்கள் மலையில் இந்த இரண்டாவதைத்தான் விட்டுவிடுகிறோம். 'பனிக்கு உடம்பு சில்லுனு இருக்கு' என்று அடுப்போரம் கொண்டுபோய் வைப்பார்கள். பச்சைக் குழந்தைக்குக் கடுமையான கிருமித் தொற்று வந்தால் சூடு ஏறுவதற்குப் பதில் இறங்கவும் செய்யும். பால் குடிக்காமல், அழுகையும் குறைந்து துவண்டு கிடந்தால் கேள்வியே கேட்காதீர்கள்.

பாராசிட்டமால் சிரப்பில் ஒரு வில்லங்கம் உண்டு. 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள பாட்டிலும் வருகிறது, 250 உள்ளதும் வருகிறது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும். கணக்கு கிலோவுக்கு 15 மில்லிகிராம். 10 கிலோ பிள்ளைக்கு முதல் பாட்டிலில் 6 மில்லி, இரண்டாவதில் 3 மில்லிதான். பக்கத்து வீட்டுப் பாட்டிலை வாங்கி, நம் வீட்டு அளவில் ஊற்றினால் இரட்டிப்பாகப் போய்விடும். லேபிளைப் படித்துவிட்டு ஊற்றுங்கள். ஆறு மணி நேர இடைவெளி, ஒரு நாளைக்கு நான்கு முறைக்கு மேல் வேண்டாம்.

மூச்சை எண்ணுவது

சளி, இருமல் எல்லாப் பிள்ளைக்கும் வரும். அது நெஞ்சில் இறங்கிவிட்டதா என்று பார்க்க ஸ்டெதஸ்கோப் தேவையில்லை. பிள்ளை அழாமல் இருக்கும்போது, தூங்கினால் இன்னும் நல்லது, சட்டையைத் தூக்கி வயிற்றையும் நெஞ்சையும் பாருங்கள். ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. போனில் ஒரு நிமிடம் வைத்துக்கொண்டு முழு நிமிடமும் எண்ண வேண்டும். கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்குவது சரிப்படாது, பிள்ளைகளின் மூச்சு சீராக ஓடாது.

எண்ணிக்கை தப்பிப்போகிற பாட்டிகளுக்கு நான் புளியங்கொட்டை சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பத்து மூச்சுக்கு ஒரு கொட்டையை நகர்த்துங்கள். நிமிடம் முடிவதற்குள், ஒரு வயதிலிருந்து ஐந்து வயது வரை உள்ள பிள்ளைக்கு நான்கு கொட்டை நகர்ந்துவிட்டால், இரண்டு மாதம் முடிந்து ஒரு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு ஐந்து நகர்ந்துவிட்டால், அது வேக மூச்சு. இரண்டு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு ஆறு. அதாவது 40, 50, 60. பச்சைக் குழந்தைக்கு 60 வந்தால் இன்னொரு தடவை எண்ணி உறுதி செய்துகொள்ளுங்கள். வேக மூச்சென்றால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

எண்ணும்போதே இன்னொன்றும் பாருங்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி வெளியே வர வேண்டும். அதற்குப் பதிலாக விலாவுக்குக் கீழே உள்நோக்கிக் குழி விழுந்தால், எண்ணிக்கை எதுவானாலும் ஆஸ்பத்திரிதான். மூக்கு விடைப்பது, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகுவது, உதடு நீலம் பாரிப்பது, இதில் எது இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள்.

கக்குவான் இருமல் வேறு தினுசு. ஒன்றிரண்டு வாரம் சாதாரண சளி போல இருந்து, பிறகு மூச்சு விட இடம் கொடுக்காமல் அடுக்கடுக்காக இருமி, முகம் சிவந்து, கடைசியில் 'ஊப்' என்று இழுத்து வாந்தி எடுக்கும். இருமல் நின்றதும் ஒன்றுமே நடக்காத மாதிரி விளையாடும். டாக்டர் முன்னால் இருமாது, அதுதான் வேடிக்கை. போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அந்த 'ஊப்' சத்தமே வராமல் மூச்சு நின்று நின்று போகலாம். அதுதான் பயப்பட வேண்டிய வகை.

பெரியவர்கள் யாராவது மாதக்கணக்காக இருமுகிற வீட்டில், பிள்ளைக்கு இரண்டு வாரம் தாண்டியும் இருமல், எடை ஏறவில்லை என்றால் காசநோய்ப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். தாத்தாவின் இருமலை 'பீடி இருமல்' என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

அம்மையா, வேறா?

தடிப்போ கொப்புளமோ கண்டால் அது எங்கே ஆரம்பித்து எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். பாதி விடை அதில் கிடைத்துவிடும்.

தட்டம்மை மேலிருந்து கீழே இறங்கும். முதல் மூன்று நான்கு நாள் கடும் காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், கண் சிவந்து நீர் வடியும். பிறகு காதுக்குப் பின்னால், முடி ஆரம்பிக்கிற ஓரத்தில் சிவப்புத் தடிப்பு கிளம்பி, முகம், கழுத்து, நெஞ்சு, கால் என்று இறங்கும். அந்தக் காதோரத்தைத்தான் எங்கள் குரங்குக் குல்லாய் மூடிவைத்திருக்கும்! தடிப்பு வருவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே டார்ச் அடித்து உள்கன்னத்தைப் பார்த்தால், கடைவாய்ப் பல்லுக்கு எதிரே உப்புக்கல் தூவின மாதிரி வெள்ளைப் புள்ளிகள் சில பிள்ளைகளுக்குத் தெரியும். பெயரே மணல்வாரி. மணலை அள்ளி வீசினது போலத்தான் இருக்கும்.

சின்னம்மை நடுவிலிருந்து வெளியே போகும். நெஞ்சு, முதுகு, வயிற்றில் ஆரம்பித்து முகத்துக்கும் கைகாலுக்கும் பரவும். ஒரே நேரத்தில் ஒரு இடத்தில் சிவப்புப் புள்ளி, இன்னொரு இடத்தில் நீர்க்கொப்புளம், மற்றொரு இடத்தில் காய்ந்த பொருக்கு என்று மூன்று பருவமும் ஒன்றாகக் கிடக்கும். இதை வைத்தே அடையாளம் சொல்லிவிடலாம்.

கை, கால், வாய்ப் புண் நோய் ஓரங்களில் வரும். உள்ளங்கை, உள்ளங்கால், வாய்க்குள், சில பிள்ளைகளுக்குப் புட்டத்திலும் முழங்காலிலும். 'தக்காளிக் காய்ச்சல்' என்று கேரளத்திலிருந்து 2022-ல் ஒரு பீதி கிளம்பியதே, அப்போது பரிசோதித்த பிள்ளைகளிடம் கண்டது இந்த நோய்தான். ஒரு வாரம் பத்து நாளில் தானாகப் போய்விடும். வாய் வலியால் தண்ணீர் குடிக்காமல் காய்ந்துபோவதுதான் தொல்லை. ஆறின சாதக்கஞ்சி, மோர் என்று கொடுங்கள். சில வாரம் கழித்து நகம் உரிந்தால் பதற வேண்டாம், மறுபடி முளைக்கும்.

இனி கொஞ்சம் சங்கடமான பேச்சு. அம்மை போட்டால் எங்கள் ஊரில் ஆஸ்பத்திரிக்குப் போவது கிடையாது. மாரியம்மன் வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்று வேப்பிலை கட்டி, மூன்று தண்ணீர் ஊற்றும் வரை காத்திருப்பார்கள். நான் வேப்பிலையை அவிழ்க்கச் சொன்னதே இல்லை. பிள்ளையைத் தனியே படுக்கவைத்து, வருவோர் போவோரை நிறுத்துகிற வழக்கம் நல்ல வழக்கம்தான். சின்னம்மைக்குப் பெரும்பாலும் அதுவே போதும். ஆனால் தட்டம்மை கொல்வது தடிப்பால் அல்ல, பின்னால் வருகிற நிமோனியாவாலும் வயிற்றுப்போக்காலும். அதனால் ஆத்தாளைக் கும்பிட்டுக்கொண்டே மூச்சையும் எண்ணுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வைட்டமின் ஏ திரவம் அடுத்தடுத்து இரண்டு நாள் கொடுப்பார்கள். ஒரு வயதுக்கு மேல் 2 லட்சம் யூனிட், ஆறு மாதம் முதல் ஒரு வயது வரை 1 லட்சம். கண்ணையும் உயிரையும் காக்கிற மருந்து அது. தடிப்பு அமுங்கின பிறகு காய்ச்சல் மறுபடி ஏறினால், இரண்டாம் தண்ணீரா மூன்றாம் தண்ணீரா என்று பார்க்காமல் கிளம்புங்கள்.

சின்னம்மைக்கு ஆஸ்பிரின் கூடவே கூடாது, ஐபுபுரூஃபனும் வேண்டாம். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டும் வரை பள்ளிக்கூடம் கிடையாது. தட்டம்மைக்குத் தடிப்பு வந்து நான்கு நாள். இந்தத் தடிப்புள்ள பிள்ளைகளிடமிருந்து கர்ப்பிணிகள் தள்ளி இருக்க வேண்டும்.

டார்ச்சோடு ஒரு கண்ணாடி டம்ளரும் கையில் இருக்கட்டும். காய்ச்சலோடு சிவப்போ ஊதாவோ புள்ளிகள் வந்து, டம்ளரின் பக்கத்தை அழுத்திப் பார்த்தும் மறையவில்லை என்றால் ஒரு நிமிடமும் வீட்டில் நிற்காதீர்கள். கழுத்து விறைத்தாலும், கைக்குழந்தைக்கு உச்சிக்குழி புடைத்தாலும் அப்படியே. மூளைக்காய்ச்சலாக இருக்கலாம்.

கறுப்புப் பொருக்கு

இதை எழுதத்தான் உட்கார்ந்தேன் என்றே சொல்லலாம். ஆறு வயதுப் பெண், ஆறு நாள் காய்ச்சல், தலைவலி. இரண்டு இடத்தில் காட்டியாயிற்று, டைபாய்டு என்றும் சொல்லி ஊசியும் போட்டாயிற்று. காய்ச்சல் அசையவில்லை. ஏழாம் நாள் பாட்டி வெந்நீரில் துணி நனைத்து உடம்பு துடைக்கும்போது தொடையிடுக்கில் ஒரு கறுப்புப் பொருக்கைப் பார்த்துவிட்டு, "யாரோ புள்ளைக்குச் சூடு வெச்சிருக்காங்க" என்று அழுதுகொண்டே என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தாள். பீடியால் சுட்ட மாதிரியே, நடுவில் கறுப்பு, சுற்றிலும் சிவப்பு வளையம். வலி இல்லை, அரிப்பும் இல்லை. அதனால்தான் பிள்ளை யாரிடமும் சொல்லவில்லை.

அது ஸ்க்ரப் டைபஸ். பேப்பரில் 'உண்ணிக் காய்ச்சல்' என்று போடுவார்கள். மாட்டு உண்ணி அல்ல இது, கண்ணுக்கே தெரியாத அளவு சின்னப் பூச்சியின் குஞ்சு. புதர், புல், விறகு பொறுக்கப் போகிற சரிவு, தேயிலைச் செடியின் அடி, இங்கெல்லாம் இருக்கும். மலைக்காட்டோரம் இருக்கிற நமக்கு இது தூரத்து நோய் அல்ல. கடித்து ஒரு வாரத்திலிருந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வரும். கடித்ததே தெரியாது.

தேட வேண்டிய இடங்கள்: காதுக்குப் பின், தலைமுடிக்குள், அக்குள், இடுப்பு வார் பதிகிற இடம், தொடையிடுக்கு, விரைப்பை, புட்ட மடிப்பு, முழங்காலின் பின்பக்கம். பக்கத்திலேயே நெறி கட்டியிருக்கும். பொருக்கு ஈரமான மடிப்பில் இருந்தால் கறுப்பாக இல்லாமல் வெளுத்த புண் மாதிரியும் இருக்கலாம். எல்லாப் பிள்ளைக்கும் பொருக்கு வராது என்பதையும் நினைவில் வையுங்கள். ஐந்து நாள் தாண்டின காய்ச்சல், பிள்ளை புதர் பக்கம் போகிற பிள்ளை என்றால், "டாக்டர், ஸ்க்ரப் டைபஸா இருக்குமா?" என்று நீங்களே கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. வழக்கமாகச் சளிக்கும் தொண்டைக்கும் கொடுக்கிற அமாக்சிசிலின் இதைத் தொடாது. டாக்சிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின் வேலை செய்யும். டாக்டர் எழுதித் தந்து தொடங்கினால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். விட்டுவிட்டால் நுரையீரல், மூளை என்று போய்விடும். அந்தப் பெண் மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து பன் கேட்டாள்.

வயிறு

மழைக்காலத்தில் ஊற்றுத் தண்ணீர் கலங்கினால் அடுத்த வாரம் லைனில் பாதிப் பிள்ளைகளுக்குப் போக்கு. மலையில் தண்ணீர் சீக்கிரமே, குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். 6,500 அடிக்கு மேலே இருப்பவர்கள், ஊட்டி எல்லாம் ஏழாயிரத்தைத் தாண்டியது, தளதளவென்று கொதி வந்த பிறகும் மூன்று நிமிடம் விட வேண்டும். கீழே ஒரு நிமிடம் போதும்.

உடம்பில் தண்ணீர் வற்றுகிறதா என்று பார்க்க, தொப்புளுக்குப் பக்கவாட்டில் வயிற்றுத் தோலை இரு விரலால் கிள்ளி விடுங்கள். சட்டென்று படிய வேண்டும். மெதுவாகப் படிந்தால், கண் குழி விழுந்தால், தண்ணீரைப் பறித்துப் பறித்துக் குடித்தால் வற்றல் ஆரம்பித்துவிட்டது. குடிக்கவே முடியாமல் துவண்டால் முற்றிவிட்டது, ஆஸ்பத்திரியில் ட்ரிப் ஏற்றத்தான் வேண்டும். ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரையுங்கள். டம்ளருக்குக் கொஞ்சம் என்று தூவுவது ஆபத்து. ஒவ்வொரு போக்குக்கும் இரண்டு வயதுக்குள் கால் டம்ளரிலிருந்து அரை டம்ளர், அதற்கு மேல் அரையிலிருந்து ஒன்று. ஸ்பூன் ஸ்பூனாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டுத் தொடருங்கள். கூடவே துத்தநாக மாத்திரை 14 நாள், போக்கு நின்றாலும் நிறுத்தாமல். சிலோனிலிருந்து வந்த பாட்டிகள் பிளேன் டீ ஊற்றுவார்கள். பாசம் புரிகிறது, ஆனால் சீனி போட்ட சாயம் போக்கை இன்னும் கூட்டும். ரத்தம் கலந்து போனால் கைவைத்தியம் வேண்டாம்.

கண் வெள்ளை மஞ்சளாகி, மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் போனால் காமாலை. கீழாநெல்லி தேடி அலையும் நேரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடலாம்.

இன்னும் சில

காதுக்குக் கீழே வீங்கி, காது மடலை வெளியே தள்ளினால் பொன்னுக்கு வீங்கி. வீக்கம் வந்து ஐந்து நாள் வீட்டில் வையுங்கள். வயசுக்கு வந்த பையனுக்கு விரை வலித்தால் காட்டுங்கள். கழுத்தே தடித்து, தொண்டைக்குள் சாம்பல் நிறத்தில் ஆடை படிந்திருந்தால் அது தொண்டை அடைப்பான். ஆடையை விரலால் சுரண்டாதீர்கள், ஓடுங்கள்.

டெங்கு கொசு மேலே குளிரில் குறைவு. ஆனால் திருவிழாவுக்கு மேட்டுப்பாளையம், கோயம்புத்தூர் போய்வந்த பிள்ளைக்கு வரலாம். அதில் காய்ச்சல் விடுகிற நாள்தான் கண்டம். சூடு இறங்கிவிட்டது என்று நிம்மதியாகும்போது வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், கைகால் சில்லிடுவது வந்தால் உடனே போக வேண்டும்.

சொறி, எங்கள் கம்பளி நோய். ராத்திரியில் அரிப்பு, விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் தொப்புளைச் சுற்றியும் பொரி. ஒரே போர்வைக்குள் நான்கு பேர் படுக்கிற வீட்டில் ஒருவருக்கு மட்டும் மருந்து போட்டுப் பயனில்லை. டாக்டர் தருகிற பெர்மெத்ரின் களிம்பை வீட்டில் எல்லாரும் ஒரே ராத்திரி பூச வேண்டும், ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. துணியைக் காயப்போட ஜூலை மாதம் வெயில் எங்கே? மூடியுள்ள டிரம்மில் போட்டு ஒரு வாரம் சாத்தி வையுங்கள், மனித உடம்பில்லாமல் அந்தப் பூச்சி மூன்று நாளுக்கு மேல் தாங்காது. பிளாஸ்டிக் பையில் கட்டச் சொல்லலாம், ஆனால் பைக்குத்தான் நீலகிரியில் தடையாயிற்றே.

தடுப்பூசியைப் பற்றி ஒரே வார்த்தை. முத்தடுப்பு மருந்தும் வெறிநாய்க்கடி மருந்தும் தயாரித்த பாஸ்டர் நிறுவனம் 1907-லிருந்து நம் குன்னூரில்தான் இருக்கிறது. அப்படியிருந்தும் எஸ்டேட் மாறி எஸ்டேட் போகிற குடும்பங்களில் ஒன்பதாம் மாதத் தட்டம்மை ஊசியும், ஒன்றரை வயது ஊசியும் விட்டுப்போகின்றன. அட்டையைப் பெட்டி அடியில் வைக்காமல் ரேஷன் கார்டோடு வையுங்கள். பொன்னுக்கு வீங்கிக்கும் சின்னம்மைக்கும் அரசு அட்டவணையில் ஊசி இல்லை, தனியாகக் கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும்.

கிளம்புவது

குடிக்கவோ பால் உறிஞ்சவோ முடியவில்லை, உள்ளே போனதெல்லாம் வாந்தி, வலிப்பு, எழுப்பினாலும் எழாத மயக்கம். இவற்றில் ஒன்று இருந்தாலும் என்ன நோய் என்று பேர் வைத்துக்கொண்டிருக்காதீர்கள்.

மலையில் நேரமும் ஒரு மருந்து. இருட்டின பிறகு ரோட்டில் காட்டெருமை நிற்கும், மழை மாதத்தில் மண் சரிந்தால் வழியே இருக்காது. காலையில் மூச்சு கொஞ்சம் வேகமாக இருந்த பிள்ளையைச் சாயங்காலம் வரை பார்க்கலாம் என்று வைத்திருக்க வேண்டாம். மதியம் இரண்டு மணிக்குள் முடிவெடுங்கள். தடுப்பூசி அட்டை, காய்ச்சல் எழுதின தேதித்தாள், கொடுத்த மருந்துப் பாட்டில் மூன்றையும் பையில் போடுங்கள்.

ஜீப்பில் ஏறினதும் நன்றாகப் போர்த்திக்கொள்ளுங்கள், குளிர்தான். ஆனால் முகத்தை மூடாதீர்கள், நெஞ்சுப் பக்கம் ஸ்வெட்டர் பட்டனைப் போடாமல் விடுங்கள். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் கம்பளியை விலக்கி ஒருமுறை நெஞ்சைப் பாருங்கள்.